ஒரே நோய், இரண்டு பூனைகள்

"கேன்சரா? அப்ப முடிஞ்சுபோச்சுன்னு சொல்லு."

தொலைபேசியில் அம்மா சொன்னது இவ்வளவுதான். நெகிரி செம்பிலானில் லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பழைய லயத்து வீட்டை விட்டு வர மறுத்து இன்னும் அங்கேயே இருப்பவர் அவர். நோய் அவருடைய பூனை மீனாவுக்கு. வயது 11. ஐந்தாறு மாதங்களாக இளைத்துக்கொண்டே வந்தது; வாரத்துக்கு இரண்டு முறை வாந்தி. "வயசாயிடுச்சு, முடியைத்தான் கக்குது" என்று அம்மா விட்டுவிட்டார். நானும் அதை நம்பிவிட்டேன். கடைசியில் சிரம்பானில் ஒரு மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, குடல் தடித்திருக்கிறது, லிம்போமாவாக இருக்கலாம் என்றார்.

பிழைக்குமா, பிழைக்காதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எந்த வகை?

லிம்போமா என்பது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளில் தோன்றும் புற்றுநோய். இந்த அணுக்கள் உடல் முழுவதும் இருப்பதால் குடல், மூக்கு, நெஞ்சுக்கூடு, சிறுநீரகம் என எங்கும் அது தலைகாட்டலாம். பூனைகளுக்கு இது அடிக்கடி வரும் புற்றுநோய். அதிலும் குடலில் வருவதே அதிகம்.

குடல் லிம்போமாவிலேயே இரண்டு உண்டு. சிறிய அணு வகை மெதுவாக வளரும். பெரும்பாலும் வயதான பூனைகளுக்கு வரும். பிரெட்னிசோலோன், குளோரம்புசில் என்ற இரண்டு மாத்திரைகளுக்குப் பெரும்பாலான பூனைகள் நன்றாகத் தேறுகின்றன. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்ந்த பூனைகள் ஏராளம். பெரிய அணு வகை வேகமானது. ஊசி வழியாகப் பல மருந்துகள் தரும் கீமோதெரபி வேண்டும். அதற்கு ஏறக்குறைய பாதிப் பூனைகளே இணங்குகின்றன. நன்றாக இணங்கினால் பல மாதங்கள், சில பூனைகளுக்கு ஓராண்டுக்கு மேல் கிடைக்கும். சிகிச்சையே இல்லையென்றால் சில வாரங்கள்தான். மூக்கில் மட்டும் வந்த லிம்போமா கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். சிறுநீரகத்தில் வந்தால் பெரும்பாலும் சில மாதங்களே.

இந்த இரண்டு குடல் வகைகளையும் கையால் தடவிப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சிறிய அணு வகை, சாதாரணக் குடல் அழற்சி போலவே ஸ்கேனில் தெரியும். ஆகவே குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். மீனாவைச் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சிரம்பானிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். ஒன்றை மறக்காதீர்கள்: சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோய் தற்காலிகமாக அடங்கி, முடிவு தெளிவில்லாமல் போகலாம். "முதலில் சோதனை, பிறகு ஸ்டீராய்டா?" என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாவுக்கு வந்தது சிறிய அணு வகை.

அதே லயத்தின் கடைசி வீட்டுப் பையனிடம் கருப்பன் என்றொரு பூனை இருந்தது. வயது இரண்டுதான். ஒருநாள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்கூட்டில் கட்டி, சுற்றிலும் நீர். ரத்தச் சோதனையில் பூனை லுக்கேமியா வைரஸ் இருப்பது தெரிந்தது. நீரை எடுத்து முதல் ஊசி போட்டதும் மூச்சு இலகுவானது. மூன்றாவது வாரம் கருப்பன் இறந்துபோனது. நோயின் பெயர் அதே லிம்போமாதான்.

இந்த வைரஸை 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் குழுவினர் கண்டறிந்தார்கள். ஒரே வீட்டில் பல பூனைகளுக்கு லிம்போமா வந்ததே அவர்களைச் சந்தேகப்பட வைத்தது. எச்சில் வழியாகப் பரவும்: ஒரே தட்டில் தின்பது, ஒன்றையொன்று நக்குவது, கடித்துக்கொள்வது. மனிதருக்குத் தொற்றாது. தொற்றிய பூனைக்கு லிம்போமா வரும் வாய்ப்பு, தொற்றாத பூனையைவிடச் சுமார் 60 மடங்கு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. தீபகற்ப மலேசியாவில் 368 பூனைகளைச் சோதித்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய 12 விழுக்காட்டுப் பூனைகளிடம் இந்த வைரஸ் இருந்தது. எலி பிடிக்கச் செம்பனைக் காட்டுக்குள் போய், நாலு வீட்டுத் தட்டிலும் வாய் வைக்கும் நம் தோட்டத்துப் பூனைகளுக்கு இது தூரத்து ஆபத்து இல்லை.

இதற்குத் தடுப்பூசி 1985-இலேயே வந்துவிட்டது. வழக்கமாகப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் இது சேராது. தனியாகக் கேட்க வேண்டும். முதலில் ரத்தச் சோதனை, பிறகு ஊசி. கருத்தடை செய்தால் ஊர்சுற்றலும் சண்டையும் குறையும். வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதையும் நிறுத்துங்கள். புகைப்பவர் வீட்டுப் பூனைகளுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று 2002-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

கருப்பனுக்குப் போட்ட ஊசி வின்கிரிஸ்டின். அது அம்மா வீட்டு வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து. இதைச் சொன்னதுதான் தாமதம், "அப்ப பறிச்சுக் காய்ச்சிக் கொடுத்திடலாமே!" என்றார் அம்மா. கூடவே கூடாது. ஊசியில் போகும் அளவு மிகமிகக் கொஞ்சம். இலையைக் காய்ச்சினால் அது விஷம். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

மீனாவின் குளோரம்புசிலை அம்மா கையுறை போட்டுத்தான் எடுப்பார். அதை உடைக்கக்கூடாது, பொடி செய்யக்கூடாது, கர்ப்பிணிகள் தொடக்கூடாது. அவ்வப்போது ரத்தச் சோதனையும் உண்டு. செலவு தாங்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிரெட்னிசோலோனை மட்டும் கொடுத்து, இருக்கும் நாளை நிம்மதியாகக் கழிக்க வைக்கலாம். வேதனை மிஞ்சும்போது ஊசி போட்டுத் தூங்க வைப்பதும் பாவமில்லை.

பதினாறு மாதம் ஆகிவிட்டது. மீனா இன்னும் வாசற்படியில் படுத்திருக்கிறது. அம்மா மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு எடைத்தட்டில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறார். நீங்களும் செய்யுங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைப்பது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம். நாங்கள் ஐந்து மாதம் கவனிக்காமல் விட்டது அதைத்தான்.