பறப்பதற்கு ஓரிடம்

சிறுவர்க்குரிய விளையாட்டுப் பொருள்களுட் பெரும்பாலானவை வாங்கிய அன்றே விளையாடுதற்கு ஏற்றவை. பந்து கிடைத்தால் ஓர் ஒழுங்கை போதும். சதுரங்கப் பலகைக்கு ஒரு மேசை போதும். பட்டத்துக்குக்கூட அறுவடை முடிந்த வயலோ கடற்கரையோ கிடைத்துவிட்டால் மாலைப்பொழுது இனிதே கழிந்துவிடும். வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம் அத்தகையதன்று. மாதக்கணக்கிற் பாடுபட்டு, பல்சா மரத்தைச் சீவி, ஒட்டி, மெல்லிய உறை போர்த்து, இயந்திரமும் பூட்டி முடித்த பின்னர்தான் பையனுக்குப் பெரிய கேள்வி எதிர்ப்படுகின்றது. இதனை எங்கே கொண்டுபோய்ப் பறக்கவிடுவது?

இவ்வாரம் அக்கேள்வியை எடுத்துக்கொள்கின்றோம். வாசகர்கள் நம்முடன் நியூயோர்க் மாநகர் வரை வரவேண்டும். மாதிரி விமானக் கலை செழித்து வளர்ந்த நாடுகளுள் அமெரிக்கா முதன்மையானது. அந்நாட்டிலே வெறும் நிலத்துக்குப் பெரும் பஞ்சமுள்ள ஊர் நியூயோர்க். மாடிக்குமேல் மாடியாகக் குடியிருக்கும் அந்நகரத்துப் பையன் ஒருவன் தன் விமானத்துக்கு இடம் தேடும் வழியைப் பார்த்தால், மற்ற ஊர்களிலுள்ளோர் படும் பாடும் ஒருவாறு விளங்கும்.

“சிறு விமானந்தானே, பள்ளிக்கூட முற்றம் போதாதா?” என்று தாய்மார் கேட்பர். போதாது. பழகுநருக்கென அமைந்த விமானம் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாக வைத்துக்கொள்வோம். அது 100 மீற்றர் நீளமுள்ள காற்பந்தாட்டத் திடலை ஏறக்குறைய 7 விநாடிகளிற் கடந்துவிடும். அதற்குள் பையன் அதனைத் திருப்பியாக வேண்டும். திருப்பினாலோ வேறொரு சங்கடம். விமானம் நம்மைவிட்டு அகலும்போது கையிலுள்ள கருவியின் குச்சியை வலப்புறம் தள்ளினால் அது நமக்கு வலப்புறமே சாயும். நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். கண்ணாடியிற் பார்த்து எழுதுபவனைப்போலக் கை முதலிற் பிழை செய்யும். புத்தி பின்னர் அதனைத் திருத்தும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்திலே விமானம் மரத்தில் மோதிவிடும். ஆகவே பழகுபவனுக்குத் தேவையானது விமானம் பறக்கும் இடமன்று. பிழை செய்து, அப்பிழையைத் திருத்தவும் அவகாசம் தரும் இடம்.

இக்கலை தொடங்கிய நாளில் இத்துணைத் தொல்லை இருக்கவில்லை. 1937 ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் வானொலியால் ஆளப்படும் மாதிரி விமானமொன்றைப் பறக்கவிட்டு வெற்றி கண்டனர். ‘கஃப்’ என்று பெயரிடப்பட்ட அவ்விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8 அடி. 1938 இல் தேசியப் போட்டியில் வெற்றி பெற்ற அது பின்னர் சிமித்சோனியன் நூதனசாலையின் சேகரிப்பிற் சேர்ந்தது. இரு மாணவர் கையாற் செய்த பொருள் அங்கே பெரிய விமானங்களுக்குச் சமமாகப் பேணப்படுகின்றது என்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்ளலாம். அதற்கு முந்திய ஆண்டாகிய 1936 இல் அமெரிக்க மாதிரி விமானக்காரரின் தேசியக் கழகம் தோன்றிவிட்டது. இந்தியானா மாநிலத்து மன்சி நகரிலே அக்கழகத்துக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பறப்பு நிலம் உண்டு. ஆனால் இந்தியானாவில் ஆயிரம் ஏக்கர் இருந்து, நியூயோர்க்கில் மாடி வீட்டிலுள்ள பையனுக்கு என்ன பயன்?

அவனுடைய நகரத்திலே பூங்காக்கள் பல. ஆயினும் பூங்கா என்பதனாலேயே அங்கு விமானம் விடலாமென்பதில்லை. குறித்து ஒதுக்கப்பட்ட களங்களிலன்றி மாதிரி விமானம் பறக்கவிடலாகாது என்பது பூங்கா விதி. புரூக்ளினில் மரைன் பார்க், கல்வர்ட் வோக்ஸ் பார்க், குவீன்சில் பிளஷிங் மெடோஸ், போரஸ்ட் பார்க், ஸ்டேட்டன் தீவில் லாட்டூரெட் பார்க் என மாநகரம் ஒதுக்கிய களங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மன்ஹாட்டனின் பெயர் அப்பட்டியலில் இல்லை. இவற்றுள் பிளஷிங் மெடோஸ் 1939 ஆம் ஆண்டிலும் 1964 ஆம் ஆண்டிலும் உலகக் கண்காட்சிகள் நடந்த புகழுடைய இடம். அதற்கு முன்னர் சாம்பற் குப்பை கொட்டப்பட்ட மேடு. எனினும் லாகார்டியா விமான நிலையம் அதற்கு அண்மையில் இருப்பதனால், அங்கே தலைக்குமேல் உள்ள ஆகாயமும் பையனுக்குச் சொந்தமில்லை. விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்வெளியில் மாதிரி விமானம் எழும்புவதற்கு முன்னரே அனுமதி பெற்றாக வேண்டும். நிலத்துக்கு ஓர் அதிகாரி, வானத்துக்கு வேறோர் அதிகாரி!

மரைன் பார்க்குக்கு அப்பால், ஜமெய்க்கா விரிகுடாவின் ஓரத்தில், நம் மனத்தைக் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. பிளொயிட் பெனட் களம் என்பது அதன் பெயர். சதுப்பு நிலத்தை நிரப்பி அமைக்கப்பட்டு 1931 இல் திறக்கப்பட்ட அது, நியூயோர்க் மாநகராட்சியின் முதலாவது விமான நிலையமாகும். 1933 இல் வைலி போஸ்ட் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவரப் புறப்பட்டதும், ஏழரை நாள்களுக்குச் சற்று மேலாகச் சென்று திரும்பியதும் இங்கேதான். 1938 இல் ஹாவர்ட் ஹியூஸ் நான்கு நாள்களுக்குட்பட்ட காலத்தில் உலகைச் சுற்றி வந்ததும் இங்கிருந்தே. அதே ஆண்டிலேதான் டக்ளஸ் கொறிகன் என்பவர், கலிபோர்னியாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, அத்திலாந்திக்கைக் கடந்து அயர்லாந்தில் இறங்கி, திசைகாட்டி ஏமாற்றிவிட்டது என்று சாதித்தார். அத்திலாந்திக்கைக் கடக்க அவர் முன்னரே அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர் என்பதை அறிந்தவர்கள் அத்திசைகாட்டியைக் குறைசொல்ல மாட்டார்கள்.

1939 இல் லாகார்டியா நிலையம் திறக்கப்பட்டதும் இக்களத்தின் மவுசு குன்றியது. 1941 இற் கடற்படையினர் இதனைப் பொறுப்பேற்று 1971 வரை வைத்திருந்தனர். 1972 இல் அது கேற்வே எனப்படும் தேசியப் பொழுதுபோக்குப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. பெரிய விமானங்கள் கைவிட்ட ஓடுபாதைகளுள் ஒன்றிலே மாதிரி விமானக் கழகமொன்று பல்லாண்டுகள் தன் பறப்புகளை நடத்தி வந்துள்ளது. உலகைச் சுற்றியவர்கள் எழும்பிய மண்ணிலிருந்து இரண்டு முழ விமானம் எழும்புகின்றது. இவ்வாறு பெரியவர்களுக்கு வேண்டாததாகிப் போன நிலமே பெரும்பாலும் இவ்விளையாட்டுக்குக் கிடைக்கின்றது. அமெரிக்காவிற் பல ஊர்களில் மூடப்பட்ட குப்பைமேடுகள் மாதிரி விமானக் களங்களாகியுள்ளன. நிலம் அமிழ்ந்துகொண்டும் உள்ளிருந்து வாயு கசிந்துகொண்டும் இருப்பதனால் அங்கே வீடு கட்ட முடியாது, ஆனால் வெட்டவெளி.

இத்தகைய இடம் பையனுக்குத் தானாகக் கிடைப்பதன்று. அதனைக் காத்து வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கின்றார்கள். புல் வெட்டுவது, நகராட்சிக்கு மனு எழுதுவது, அயல் வீட்டார் சத்தத்தைப்பற்றி முறையிட்டால் போய்ச் சமாதானம் சொல்வது ஆகியவெல்லாம் கழகத்து முதியவர்களின் தொண்டு. தேசியக் கழகத்தின் அங்கத்துவத்தோடு பிறர்க்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதியும் கூடவே வருகின்றது. நிலச் சொந்தக்காரர் முதலிற் கேட்பதும் அக்காப்புறுதியையே. ஊர் பெருகி, வீடுகள் நெருங்கி, ஒரு களம் பறிபோனால் மற்றொன்றைத் தேடி அலைபவர்களும் அவர்களே.

முற்காலத்தில் எந்தப் பையனும் இம்முதியவர்களிடம் போகாமல் இருக்க முடியாது. காரணம், அலைவரிசை. அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென 72 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் 11 முதல் 60 வரை இலக்கமிட்ட 50 அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே இலக்கத்தை இருவர் ஒரே வேளையில் உபயோகித்தால், வானத்திலுள்ள விமானம் யாருக்குக் கீழ்ப்படிவது என்று அறியாமல் தலைகீழாக விழும். இதனைத் தடுக்கக் களத்திலே ஒரு பலகை நாட்டி, இலக்கமிட்ட கவ்விகளை அதில் மாட்டி வைத்திருப்பர். தன் இலக்கத்துக்குரிய கவ்வி கையில் இருந்தாலன்றி ஒருவர் தம் கருவியைத் தொடக்கூடாது. பறந்து முடிந்ததும் அதனைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். பத்து வயதுப் பையனும் எழுபது வயது முதியவரும் அந்தக் கவ்விக்காக ஒரே வரிசையிற் காத்து நின்றனர். காத்து நிற்கும்போது பேச்சு; பேச்சிலே படிப்பு.

பின்னர் 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் வந்தன. ஒவ்வொரு கருவியும் தன் விமானத்தைத் தானே இனங்கண்டு கொள்வதனால் கவ்விப் பலகைக்கு வேலையில்லாமற் போயிற்று. இரைச்சலிடும் இயந்திரத்துக்குப் பதிலாக மின் மோட்டாரும், பல்சாவுக்குப் பதிலாக எளிதில் ஒட்டக்கூடிய நுரைப்பொருளும் வந்தன. பெட்டியைத் திறந்து அரை மணி நேரத்திற் பறக்கவிடலாம். இவை நல்ல முன்னேற்றங்களே, மறுப்பார் இல்லை. ஆனால் நாம் கவனித்தமட்டில், பையன் எவரையும் கேளாமல் தெருமுனையிற் பறக்கவிடக்கூடிய நிலையும் இவற்றோடுதான் வந்தது. விமானம் மலிந்தது, ஆசானைச் சந்திக்கும் அவசியம் அற்றுப்போயிற்று. இது விளையாட்டுக்கு நேர்ந்த நட்டங்களுள் ஒன்று என்பது நமது எண்ணம்.

விளையாட்டுத்தானே என்று இதனை இலேசாக எண்ணவும் கூடாது. முன்னே சொன்ன கல்வர்ட் வோக்ஸ் பார்க்கிலே, 2013 செப்ரெம்பரில், தாம் இயக்கிய வானொலி ஹெலிகொப்டரின் சுழலும் தகடு தாக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஒதுக்கப்பட்ட களம் என்பதனால் மாத்திரம் ஆபத்து அகன்றுவிடுவதில்லை. கழகக் களங்களில் ஓட்டுபவர்கள் யாவரும் ஒரே கோட்டில் நிற்பதும், விமானங்கள் யாவும் அக்கோட்டுக்கு முன்பக்கத்தில் மாத்திரம் பறப்பதும், இறங்க வரும்போது உரத்த குரலில் அறிவிப்பதும் இதனாலேயே வழக்கமாயின.

இனி, சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோர் அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகத்தின் பாதுகாப்புப் பரீட்சையில் தேறவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட விமானத்துக்குப் பதிவு வேண்டும். பதிவு செய்பவர் 13 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த வயதினருக்காகப் பெரியவர் ஒருவர் பதிவு செய்யலாம். விமானம் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்கவேண்டும். கட்டுப்பாடற்ற வான்வெளியில் நிலத்திலிருந்து 400 அடிக்கு மேற் போகலாகாது. இவற்றுக்கு மேலாக, 2023 செப்ரெம்பர் முதல், பதிவுக்குரிய விமானம் பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானே அலைவழி அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 2024 மார்ச் நடுப்பகுதி வரை அதனைக் கண்டிப்பாகச் செயற்படுத்தாமல் அவகாசம் கொடுத்தனர்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நமக்கு வேண்டியதும் அதுவே. நிருவாகத்தினால் அங்கீகரிக்கப்பட்ட களத்தின் எல்லைக்குள் பறக்கும் விமானத்துக்கு அவ்வறிவிப்புக் கருவி தேவையில்லை. அக்கருவியை விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொண்டு வெளியிலும் பறக்கலாமென்பது உண்மையே. ஆயினும் தன் கையாற் பல்சா விமானம் செய்த பையனுக்குக் கழகத்துக் களமே இலகுவான வழி. கவ்விப் பலகை ஒருகாலத்திற் செய்த வேலையைச் சட்டம் இப்போது செய்கின்றது எனலாம். அங்கீகாரத்தைக் கழகங்கள் மாத்திரமன்றிக் கல்வி நிலையங்களும் கேட்டுப் பெறலாம். தன் ஆசிரியரை அணுகி, “நமது பாடசாலைத் திடலுக்கு விண்ணப்பித்தால் என்ன?” என்று கேட்க மாணவனுக்கு இடமுண்டு. திடல் போதிய அளவினதா, அருகே தெரு உண்டா என்பவற்றை முதலில் அளந்து பார்க்கவேண்டும் என்பது வேறு விடயம். மழைக்காலத்துக்கு உள்ளரங்கும் உண்டு. ஒரு தபாலுறையளவு நிறையுள்ள மெல்லிய விமானங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே நிதானமாகச் சுற்றிவரும். இடமில்லாத ஊருக்கு இதனை நாம் பெரிதும் விரும்பிச் சொல்வோம்.

இறுதியாக, முதல் நாளைப்பற்றி ஒரு வார்த்தை. முதல் ஞாயிறன்று விமானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தந்தையோ தாயோ பையனை அழைத்துச் செல்வது நன்று. விமானம் கையிலிருந்தால் பறக்கவேண்டும் என்ற துடிப்பிலே கண் வேறொன்றையும் காணாது. வெறுங்கையோடு வேலிக்கு இப்பால் நின்று, காற்று எப்பக்கத்திலிருந்து வீசுகின்றது, எவர் அவசரமின்றி இறக்குகின்றார், எவர் விழுந்த விமானத்தைப் பார்த்துச் சிரிக்கின்றார் என்பவற்றைக் கவனிக்கட்டும். பின்னர் அவசரமின்றி இறக்குபவரிடம் சென்று, புதியவர்க்குப் பழக்குபவர் யார் என்று விசாரிக்கட்டும். பெரும்பாலான களங்களில் இரட்டைக் கருவி முறை உண்டு. ஆசான் கையில் ஒன்று, பையன் கையில் ஒன்று. ஆசான் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் பையனுக்குக் கீழ்ப்படியும். அவன் தடுமாறியதும் அவர் விரலை எடுத்தால் அது உடனே அவருடையதாகிவிடும். முதற் சில பறப்புகளில் அவ்விரல் அடிக்கடி எழும். இரண்டாம் மாதத்திலே ஒரு நாள், இறங்கி முடிந்த பின்புதான், அன்று முழுவதும் அது எழவேயில்லை என்று அவர் சொல்வார்.