கை நடுங்குவது தெரிகிறது... மனம் நடுங்குவது?

பார்க்கின்சன் நோய் என்றால் நம் எல்லோருக்கும் நினைவு வருவது நடுங்கும் கைதான். ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி முதலில் விரிவாக எழுதியபோது, புலனுக்கும் அறிவுக்கும் கேடில்லை என்று எழுதினார். அதனாலோ என்னவோ, இன்றும் கையைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம், மனதை மட்டும் கேட்பதேயில்லை. இது பெரிய தப்பு என்பது என் கருத்து.

இந்நோயில் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தரும் செல்கள் அழிகின்றன. டோபமைன் கைகால் அசைவுக்கு மட்டுமா? உற்சாகத்துக்கும் அதுதான் வேண்டும். ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து மோட்டாருக்கும் லைன் போகிறது, விளக்குக்கும் லைன் போகிறது. டிரான்ஸ்பார்மர் பழுதானால் மோட்டார் மட்டுமா நிற்கும்? நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில ஆண்டு முன்பே வந்துவிடுகிறது. ஆக, 'நோய் வந்த கவலை' என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. நோயே இதுதான்!

எங்கள் அப்புச்சி கைத்தறி நெசவாளி. நாடாவைத் தொடுவதை விட்டார். சரி, கை ஒத்துழைக்கவில்லை. ஆனால் டீக்கடைக்குப் போவதையும் விட்டாரே, ஏன்? முகத்தில் சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. (முகத்தசை இறுகி முகமூடி மாட்டியதுபோல் ஆகிவிடுமாம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது.) சொந்தக்காரர்கள் "வயசான வீம்பு" என்றார்கள். என்னிடம் "ஒண்ணுமில்ல சாமி" என்பார். ஒரு ராத்திரி அம்மாவிடம், "நான் எதுக்கு இன்னும் இருக்கோணும்?" என்று கேட்டிருக்கிறார்.

வீட்டில் இங்கிலீஷ் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது என் வேலை. கையை மடக்கி நீட்டச் சொல்வார்கள், மாத்திரை எழுதுவார்கள், "நெக்ஸ்ட்!" வெளியே வரிசை நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "தூக்கம் வருதா, பயமா இருக்கா?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஓ.பி. சீட்டிலேயே தூக்கம், பயம், சோர்வு மூன்றுக்கும் கட்டம் போட்டு அச்சடிக்க வேண்டும். அதுவரை, அவர்கள் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பதற்றம் இன்னொரு தொல்லை. லெவோடோபா மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். இதைப் பிடிக்க நமக்குத் தெரிந்த வழி உண்டு... லேபில் ரீடிங் எடுக்கிறோமே, அதுதான். மாத்திரை எத்தனை மணிக்கு, படபடப்பு எத்தனை மணிக்கு என்று பழைய அப்சர்வேஷன் நோட்டில் பத்து நாள் குறித்தேன். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பாகத்தான் பயம் வந்திருந்தது. நோட்டைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அப்புச்சியிடமே பேசினார். மாத்திரை நேரத்தை மாற்றி, மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? ஊரு என்ன பேசும்?" என்று அம்மா அழுதார். டிரான்ஸ்பார்மர் கதையை அவரிடமும் சொன்னேன். பாதிதான் நம்பினார், ஆனாலும் கூட வந்தார். மருந்தும் பேச்சுமாக நாலு மாதம் ஆகிறது. நாடாவை இனி தொட முடியாது. டீக்கடைக்குப் போகிறார், பாதி கிளாஸ் மட்டும் ஊற்றச் சொல்லி.