முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

சின்ன விமானம் ஒன்று தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானால் நம்மிடம் காரணம் தயாராக இருக்கும். காற்று, மழை, இல்லாவிட்டால் விதி. 2023 செப்டம்பர் 14 அன்று எட்டுப் பேருடன் மும்பைக்கு வந்த தனியார் லியர்ஜெட் ஒன்று கனமழையில் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். 'என்ன மழை பாத்தீங்களா' என்று பேசிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. நான் காரமடைக்காரன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காத்து எந்த மாசம், எந்தத் திசையில் அடிக்கும் என்று எங்க ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோவை விமான நிலைய ஓடுபாதையின் எண்கள் 05, 23. அதாவது திசைகாட்டியில் 50 டிகிரி, 230 டிகிரி. தென்மேற்கிலிருந்து வரும் காற்றை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டு அதில் இறங்கலாம்.

சீரான எதிர்க்காற்று விமானிக்கு உதவிதான். விட்டுவிட்டு வீசும் காற்றுதான் தொல்லை. இறக்கை தரும் தூக்குவிசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 65 நாட் வேகத்தில் இறங்க வரும் ஒரு செஸ்னாவுக்கு எதிர்க்காற்று சட்டென்று 10 நாட் குறைந்தால், தூக்குவிசையில் கால்வாசிக்கு மேல் காணாமல் போகும். அதற்கும் வழி இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வரலாம். அப்படியும் சரிப்படவில்லையா, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மறுபடி மேலே ஏறிவிடலாம். கோ-அரவுண்ட் என்பார்கள். விமானம் ஓட்டப் பழகும் மாணவனுக்கே சொல்லித்தருகிற பாடம் இது.

ஆனால் செய்கிறார்களா? வேகமோ உயரமோ சரியாக அமையாமல் ஓடுபாதையை நெருங்கும் விமானங்களில் 100க்குச் சுமார் 3 மட்டுமே மேலே ஏறுகின்றன என்கிறது ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வு. மிச்சமெல்லாம் எப்படியோ இறங்கிவிடுகின்றன. எப்போதும் இறங்கிவிட முடியாது என்பதற்கு 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு சாட்சி. அது பெரிய போயிங். பின்காற்றில் வந்து, கிட்டத்தட்டப் பாதி ஓடுபாதை போன பிறகுதான் சக்கரம் தரையில் பட்டது. துணை விமானி 'கோ-அரவுண்ட்' என்று சொன்னதும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. கேட்கப்படவில்லை. 21 பேர் செத்தார்கள்.

இதற்கு மாறாக, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம், தரையை ஒட்டித் தள்ளாடிவிட்டு மேலே ஏறிப் போனது. விமானிகள் செய்தது முழுக்கச் சரி. நாமோ அந்த வீடியோவை 'மயிரிழையில் தப்பியது' என்று ஃபார்வர்டு பண்ணிக்கொண்டிருந்தோம்.

பெரிய நிறுவனத்து விமானிக்கு விதிப்புத்தகமாவது துணை இருக்கிறது. தனி விமானத்தில் பின்சீட்டில் இருப்பவர்தான் சம்பளம் கொடுக்கிறவர், அல்லது கைவிட்டுப் போகக்கூடாத வாடிக்கையாளர். அவர் கட்டளை போட வேண்டியதில்லை. 'ஏனுங்க, இறங்க முடியாதுங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஐடியில் இருக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வேண்டாம் என்கிறவருக்கு 'நெகட்டிவ் ஆளு' என்று பேர். அப்ரைசலில் அது எதிரொலிக்கும். எங்கள் வேலையில் விழுவது சர்வர்தான். அங்கே மனுசங்க.

கோ-அரவுண்டிலும் ஆபத்து உண்டு, எரிபொருள் தீரும் நிலையில் இறங்கித்தானே ஆகணும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் முடிவைக் கடைசி பத்து விநாடிக்கு விடாதீர்கள் என்கிறேன். 'காற்று இதற்கு மேல் இருந்தால் இறங்கமாட்டேன், வேறு ஊருக்குப் போவேன்' என்று கிளம்பும் முன்பே விமானி சொல்லட்டும், முதலாளி சம்மதிக்கட்டும். பிறகு அதற்காக அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது.

மாசித் தேரோட்டத்தில் காரமடை ரங்கநாதர் தேரின் வடத்தைப் பிடிக்க அத்தனை கூட்டம் வரும். சக்கரத்துக்குக் கட்டை போடுவது சில பேர்தான். அவர்கள் இல்லாமல் தேர் திரும்பாது, நிற்கவும் நிற்காது. அப்படியிருந்தும் 'முட்டுக்கட்டை போடறான்' என்பது நம் ஊரில் வசவு. வசவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். 'இன்னைக்கு வேண்டாமுங்க' என்று சொல்கிற ஆளை வேலையை விட்டுத் தூக்காமல் இருங்கள். இப்போதைக்கு அது போதும்.