ஒரு பெயருக்கு இரண்டு பேர்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. என் பழைய மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். பால்மரம் சீவிய தாயின் மகன். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பின்னர் பொலிடெக்னிக்கில் கணினி பயின்று, இன்று பக்கத்துப் பட்டணத்தில் மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து, மளிகைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கணக்கு எழுதும் மென்பொருள் செய்து விற்கிறான்.

காப்பி கொடுத்தேன். தொடவில்லை. "டீச்சர், என் பேர எடுத்துக்கிட்டாங்க" என்றான்.

விஷயம் இதுதான். தலைநகரில் பெரிய நிறுவனம் ஒன்று, கடைகளுக்கான கணக்கு மென்பொருளை இவ்வாண்டு வெளியிட்டிருக்கிறது. அதன் பெயருக்கும் இவன் ஒன்பது ஆண்டுகளாக விற்று வரும் மென்பொருளின் பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அங்கே வாங்கியவர்கள், கோளாறு வந்தால் இவனைக் கூப்பிட்டு ஏசுகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவனிடமே வாங்கிய கடைக்காரர் ஒருவர், "ஏன் தம்பி, பெரிய கம்பெனியைப் பார்த்துப் பேர் வச்சியா?" என்று கேட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

கூட்டாளிகளில் ஒருவன் பெயரை மாற்றிவிடு என்கிறானாம். இன்னொருவன் வக்கீலைப் பார் என்கிறானாம். என்னிடம் எதற்கு வந்தான்? நான் மக்தாப்பில் கற்ற கணினி, தட்டச்சு அளவோடு சரி. ஆனால் பெயர் விஷயத்தில் ஒரு கதை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக் கணினி அறையில் பிள்ளைகள் தினமும் திறந்த ஃபயர்ஃபாக்ஸ் என்ற இணைய உலாவியின் கதை அது.

அதற்கு முதலில் வைத்த பெயர் அதுவன்று. 2002 செப்டம்பரில், அமெரிக்காவின் மொசில்லா குழுவினர் அதை 'பீனிக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் சாம்பலிலிருந்து எழுந்த பறவை என்று பொருள். அழகான பெயர்தான். ஆனால் பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்று ஒரு நிறுவனம் முன்பே இருந்தது. கணினியைத் தட்டியதும் அதை எழுப்பிவிடும் ஆரம்ப நிரலைச் செய்பவர்கள். அவர்கள் ஆட்சேபித்தார்கள். சரியென்று 2003 ஏப்ரலில் மொசில்லா பெயரை மாற்றியது. என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஃபயர்பேர்ட்'. நெருப்புப் பறவை!

அந்தப் பெயரிலும் முன்பே ஒருவர் குடியிருந்தார். 2000ஆம் ஆண்டில் போர்லாண்ட் நிறுவனம், இண்டர்பேஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. தரவுத்தளம் என்றால், கடையின் கணக்கு முழுவதையும் அடுக்கி வைக்கும் பெட்டகம் போன்றது. அந்த நிரலை எடுத்து வளர்த்த ஒரு சிறு குழு, தங்கள் பறவைக்கு ஃபயர்பேர்ட் என்று பெயரிட்டு, கண்விழித்து உழைத்துக்கொண்டிருந்தது. மொசில்லாவுக்குப் பின்னாலோ அந்தச் சமயத்தில் ஏஓஎல் என்ற மாபெரும் நிறுவனம் நின்றது.

"உலாவி வேறு, தரவுத்தளம் வேறு, இதில் என்ன குழப்பம்?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பாருங்கள். வாங்க வருகிறவன் கடையில் வைத்துத் தொட்டுப் பார்க்கும் சரக்கா இது? பெயரைத் தட்டித் தேடித்தான் வர வேண்டும். தேடியவனுக்கு ஆயிரம் பக்கம் உலாவியைப் பற்றியே கிடைத்தால், சிறியவனை எங்கே கண்டுபிடிப்பான்? பெயர் போனால் வாசற்படியே போனது போல.

அந்தச் சிறு குழு சும்மா இருக்கவில்லை. அறிவிப்பு வந்த சில நாள்களுக்குள் குரல் எழுப்பியது. ஆதரவாளர்களைத் தூண்டிவிட்டு மொசில்லாக்காரர்களின் மின்னஞ்சல் பெட்டிகளைக் கண்டனக் கடிதங்களால் நிரப்பினார்கள். இந்தக் காரியம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது கூட்டமாகப் போய் ஒருவர் வீட்டுக் கதவை உடைப்பானேன்? ஆனாலும் உடனே பேசினார்களே, அது சரி. மொசில்லா முதலில், 'மொசில்லா ஃபயர்பேர்ட்' என்று முழுப் பெயராகச் சொல்கிறோம் என்று சமாதானம் கூறிப் பார்த்தது. ஆறவில்லை. பத்து மாதம் ஓடியது. 2004 பிப்ரவரி 9ஆம் நாள் உலாவியின் பெயர் ஃபயர்ஃபாக்ஸ் ஆயிற்று. சிவப்புப் பாண்டா என்ற விலங்குக்கு அதுவும் ஒரு பெயராம்.

இந்த முறை சூடு கண்டவர்கள் கவனமாக இருந்தார்கள். 2003 டிசம்பரிலேயே பெயரைப் பதிவு செய்ய மனுப் போட்டார்கள். ஐரோப்பாவில் அதே பெயரை முன்னரே பதிந்திருந்த வேறொருவரிடம் அனுமதியும் பெற்றார்கள். பிறகு அவர்களே தங்கள் பெயருக்குக் கடுங்காவல் போட்டதையும் சொல்ல வேண்டும். டெபியன் குழுவினர் ஃபயர்ஃபாக்ஸைத் திருத்தி வெளியிட்டபோது, திருத்தியதற்கு எங்கள் பெயர் கூடாது என்று 2006இல் மறுத்துவிட்டார்கள். டெபியன்காரர்கள் அதை 'ஐஸ்வீசல்' என்று அழைத்தார்கள். நெருப்பு நரிக்குப் பதில் பனிக்கட்டி மரநாய்! 2016 வரை அந்தக் கூத்து நீடித்தது. தரவுத்தள ஃபயர்பேர்டோ இன்றும் அதே பெயரில்தான் வெளிவருகிறது.

கதையைக் கேட்ட பையன் கொஞ்சம் நிமிர்ந்தான். "அது அமெரிக்கா, டீச்சர். நம்ம ஊர்ல?" என்றான்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது, வேறு சரக்கில். ஜாலான் ஈப்போவில் 1999இல் தொடங்கிய 'மெக்கறி' உணவகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மெக்டோனல்ட்ஸ் 2001இல் வழக்குப் போட்டது. 2006இல் உயர் நீதிமன்றத்தில் கடைக்காரர்கள் தோற்றார்கள். 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றத்திலும் மெக்டோனல்ட்ஸின் மனு தள்ளுபடியானது. பலகையும் வேறு, பரிமாறும் உணவும் வேறு, சாப்பிட வருபவர் ஏமாற மாட்டார் என்பதே சாரம்.

"அங்க பெரியவங்கதானே தோத்தாங்க" என்று மகிழ்ந்தான். அவசரப்படாதே என்றேன். அங்கே சரக்கு வேறு வேறு. உனக்கோ அதே சரக்கு, அதே கடைக்காரர்கள். வாங்குபவர் குழம்புவாரா என்ற கேள்விக்கு உன் கைப்பேசியே தினமும் பதில் சொல்கிறது. அதே அளவுகோல் உனக்குத்தான் கூடுதல் பலம்.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளிவந்தது. எஸ்எஸ்எம்மில் வாங்கிய வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான்; பெயர் தனக்குச் சொந்தம் என்று அத்தனை காலமும் நம்பியிருந்தான். அது வியாபாரம் நடத்தப் பதிந்ததற்குச் சான்று. பெயரைச் சரக்குக்கு முத்திரையாக்கிக் காப்பது வணிகச் சின்னப் பதிவு. அதற்கு இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் மனுச் செய்ய வேண்டும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறியாமல் கடை திறக்கிறார்கள்! என் வீட்டுக்காரரின் தம்பியும் அவர்களில் ஒருவர்.

பதியாதவனுக்கும் வழி அடைபடவில்லை. இந்தப் பெயரை நான் முன்பிருந்தே நடத்துகிறேன், இதை நம்பித்தான் வாங்குகிறார்கள், இப்போது குழப்பத்தால் எனக்கு நட்டம் என்று காட்டினால் நீதிமன்றம் கேட்கும். ஆனால் காட்ட வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது.

"பழைய ரசீதெல்லாம் வச்சிருக்கியா?"

மறுவாரம் ஒரு மைலோ டின் நிறையக் கொண்டுவந்தான். தேர்வுத் தாள்களை அடுக்குவது போல் ஆண்டுவாரியாக அடுக்கினோம். அடியில் கிடந்தது முதல் ரசீது: எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்கு, 150 வெள்ளி. அந்தக் கடையே இப்போது இல்லை.

கடிதத்தை நிதானமாக எழுதினோம். ஏசவில்லை, மிரட்டவில்லை. எந்த ஆண்டு முதல் விற்கிறோம், எத்தனை பேர் மாறி அழைத்தார்கள், பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மூன்று பத்தி. பட்டணத்து வக்கீல் ஒருவர் பார்த்து இரண்டு சொல்லைத் திருத்தினார். பதிவுத் தபாலில் அனுப்பினான். சின்னப் பதிவுக்கும் மனுப் போட்டிருக்கிறான்.

பதில் இன்னும் வரவில்லை. அன்று அவன் புறப்படும்போது கைப்பேசி அலறியது. யாரோ ஒருவர், ரசீது அச்சாகவில்லை என்று சத்தம் போட்டார். "அது நாங்க இல்லண்ணே" என்று பொறுமையாகச் சொல்லி, சரியான எண்ணையும் கொடுத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்து, நாளும் நேரமும் எழுதிக்கொண்டான்.