தோற்பதற்கும் ஓர் அணி வேண்டும்

2025 அக்டோபர் 9ஆம் தேதி வியன்னாவில் சான் மரினோவை ஆஸ்திரியா 10-0 என்று அடித்துத் துவைத்தது. மார்கோ அர்னாடோவிச் மட்டும் நான்கு கோல். ஆஸ்திரியாவுக்காக அதிக கோல் போட்டவர் என்ற பெருமை அன்றைக்கு டோனி போல்ஸ்டரிடமிருந்து அவர் கைக்கு வந்தது. இப்படி ஒரு ஸ்கோர் வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வரும்: இந்த அணியை எதற்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட விடுகிறார்கள்? ஃபிஃபா தரவரிசையில் அப்போது இருந்தவை 210 அணிகள். சான் மரினோவின் இடம் 210. பெரிய வீரர்கள் ஏற்கெனவே ஓய்வில்லாமல் ஆடுகிறார்கள், இவர்களுக்கு எதிராகவும் ஆடி அடிபட வேண்டுமா? குட்டி நாடுகளைத் தனியாக ஒரு முன்சுற்றில் மோதவிட்டு, ஜெயித்து வருகிறவர்களை மட்டும் உள்ளே விட்டால் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். சான் மரினோவின் முப்பத்தைந்து வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தாலே பதில் அதில் இருக்கிறது.

நான்கு பக்கமும் இத்தாலி சூழ்ந்த நாடு அது. பரப்பளவு 61 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 34 ஆயிரம். டிட்டானோ மலை, அதன் உச்சியில் மூன்று கோபுரங்கள், கி.பி. 301இல் தோன்றியதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு குடியரசு. நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இருவரும் மாறுவார்கள். 34 ஆயிரத்தில் பாதி பெண்கள். மிச்சத்தில் சிறுவர்களையும் வயதானவர்களையும் கழித்தால், பந்து உதைக்கும் வயதில் இருக்கும் ஆண்கள் சில ஆயிரம் பேர்தான் தேறுவார்கள். அவர்களிலிருந்து பதினொரு பேரைப் பொறுக்கியெடுத்து ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் எதிரே நிறுத்த வேண்டும். பொறுக்கியெடுத்தவர்களிலும் பெரும்பாலானோருக்குக் கால்பந்து சோறு போடுவதில்லை. பகலில் வேலை அல்லது படிப்பு, சாயங்காலம் பயிற்சி, வெளிநாட்டில் ஆட்டம் என்றால் லீவு.

மாசிமோ போனினியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அணியைப் பற்றிப் பேச முடியாது.

போனினி 1959இல் சான் மரினோவில் பிறந்தவர். 1981இல் ஜுவென்டஸ் கிளப்புக்குப் போனார். நடுக்களத்தில் கூட ஆடிய பிளாட்டினி கலைஞர் என்றால், அந்தக் கலைஞர் மூச்சுவாங்காமல் ஆடுவதற்காகத் தொண்ணூறு நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தவர் போனினி. மூன்று முறை இத்தாலிய லீக் பட்டம், 1985இல் ஐரோப்பிய சாம்பியன் கிளப் கோப்பை. 1982 உலகக் கோப்பையை இத்தாலி தூக்கியபோது, இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேரில் ஆறு பேர் ஜுவென்டஸ்காரர்கள், ஜோஃப், ஜென்டிலே, ஷிரேயா, கப்ரீனி, டார்டெல்லி, ரோஸி என்று எல்லோரும் போனினியின் கூட்டாளிகள். போனினி அந்த அணியில் இல்லை. இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு அவர் ஆடியிருக்கிறார், அதற்கு அப்போது இடமிருந்தது. மூத்தோர் அணிக்கு ஆட வேண்டுமென்றால் சான் மரினோ குடியுரிமையை விட்டு இத்தாலியராக வேண்டும். மாட்டேன் என்றுவிட்டார்.

அப்போது சான் மரினோவுக்கு ஃபிஃபாவில் இடம் கிடையாது. அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடும் தேசிய அணியும் கிடையாது. உலகின் மிகச் சிறந்த கிளப் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த மனிதருக்கு, தன் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் தோற்பதற்குக்கூட வழியில்லை. 1988இல்தான் ஃபிஃபாவும் யூஃபாவும் சான் மரினோவைச் சேர்த்துக்கொண்டன. முதல் தகுதிச் சுற்று ஆட்டம் 1990 நவம்பர் 14, சுவிட்சர்லாந்துடன், 0-4. போனினிக்கு அப்போது 31 வயது. அதற்குப் பிறகு அவர் தன் நாட்டுக்காக 19 ஆட்டங்கள் ஆடினார். சில ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளராகவும் இருந்தார். சான் மரினோவின் ஸ்கோர்களைப் பார்த்து யாராவது சிரிக்கும்போதெல்லாம், இந்த 19 ஆட்டங்களுக்காக அவர் விட்டுக்கொடுத்தவைதான் என் மனதில் வரும்.

தொடக்க வருடங்களில் நடந்தவையும் சாமான்யமானவை இல்லை. 1991 மார்ச்சில் ருமேனியாவுடன் 1-3 என்று தோற்றார்கள். அந்த ஒன்று பசோலினி பெனால்டியில் போட்டது, போட்டி ஆட்டத்தில் நாட்டின் முதல் கோல். 1993 மார்ச் 10 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், தங்கள் செர்ராவாலே மைதானத்தில் துருக்கியுடன் 0-0. அதுதான் முதல் புள்ளி. ஒன்பது வருடம் கழித்து அதே துருக்கி உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது.

1993 நவம்பர் 17. இங்கிலாந்துடன் ஆட்டம், பொலோன்யாவில். இங்கிலாந்து உலகக் கோப்பைக்குப் போக வேண்டுமென்றால் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், இன்னோர் ஆட்டத்தில் போலந்து ஹாலந்தை வீழ்த்தவும் வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கியது சான் மரினோ. பந்தை முன்னால் தூக்கிப் போட்டார்கள். அது இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர் ஸ்டூவர்ட் பியர்ஸ் காலுக்குப் போனது. எதிரே யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கோல்கீப்பர் டேவிட் சீமனுக்குப் பந்தைத் திருப்பித் தட்டினார். தட்டியதில் வேகம் போதவில்லை. டாவிடே குவால்தியேரி நடுவில் பாய்ந்து, சீமன் நெருங்குவதற்குள் வலைக்குள் தள்ளிவிட்டார். ஆட்டம் தொடங்கி 8.3 விநாடி. இங்கிலாந்து பதில் கோல் போட இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் 7-1 என்று ஜெயித்தார்கள். இயான் ரைட் நான்கு கோல் போட்டார். ஆனால் போலந்தில் ஹாலந்து ஜெயித்துவிட்டதால் அந்த ஏழு கோலும் இங்கிலாந்துக்கு உதவவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அதிவேக கோல் என்ற குவால்தியேரியின் சாதனை 2016 வரை நின்றது. அதை உடைக்க பெல்ஜியத்தின் பென்டெகே வர வேண்டியிருந்தது.

எனக்கு அந்தக் கோலில் பிடித்தது அந்த ஓட்டம். பியர்ஸ் போன்ற ஒருவர் பந்தோடு நிற்கும்போது, அவர் தவறுவார் என்று நம்பி முழு வேகத்தில் ஓட ஒரு மனசு வேண்டும். தோற்பதற்காகவே வந்தவன் அப்படி ஓட மாட்டான்.

பிறகு வந்த வருடங்கள் கடினமானவை. 2001இல் ரிகாவில் லாட்வியாவுடன் 1-1, வெளிநாட்டு மண்ணில் முதல் புள்ளி. அந்த முடிவைத் தாங்க முடியாமல் லாட்வியாவின் பயிற்சியாளர் கேரி ஜான்சன் பதவி விலகினார். 2004 ஏப்ரல் 28 அன்று லிக்டன்ஸ்டைனுடன் ஒரு நட்பு ஆட்டம், ஐந்தாவது நிமிடத்தில் ஆண்டி செல்வா அடித்த ஃப்ரீகிக், 1-0. சான் மரினோவின் முதல் வெற்றி. அந்த அணியின் பயிற்சியாளர் ஜாம்பாவ்லோ மாட்சா ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். பதினைந்து வருடம் பொறுப்பில் இருந்த அவர் கண்ட ஒரே வெற்றி அதுதான். அதற்கப்புறம் தோல்வி, தோல்வி, தோல்வி. 2006இல் சொந்த மைதானத்தில் ஜெர்மனி 13-0. 2007 பிப்ரவரியில் அயர்லாந்துடன் 86ஆவது நிமிடத்தில் மனுவேல் மரானி சமன் செய்ததும் மைதானமே எழுந்து நின்றது. இஞ்சுரி டைமின் கடைசி நொடிகளில் ஸ்டீஃபன் அயர்லாந்து என்ற வீரர் கோல் போட்டு அதையும் பறித்துக்கொண்டார். 2008 அக்டோபருக்குப் பிறகு அடுத்த கோலுக்கு ஐந்து வருடம் காத்திருந்தார்கள். 2014 நவம்பரில் எஸ்டோனியாவுடன் 0-0 என்று முடிந்தபோது, தொடர்ந்து 61 தோல்விகளுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

அறுபத்தொரு தோல்வி. அத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் லீவு போட்டு, பெட்டி கட்டி, விமானம் ஏறி, தேசிய கீதத்துக்கு நின்று ஆடியிருக்கிறார்கள். 2015இல் வில்னியஸில் லிதுவேனியாவுக்கு எதிராக மத்தேயோ வித்தயோலி ஒரு ஃப்ரீகிக்கை வலைக்குள் அனுப்பினார். தொழில்முறையில் கிராஃபிக் டிசைனர் அவர். போட்டி ஆட்டத்தில் வெளிநாட்டில் பதினான்கு வருடத்துக்குப் பிறகு வந்த கோல் அது; உலகக் கோப்பையே கைக்கு வந்ததுபோலத் துள்ளினார்கள். அந்த ஆட்டத்தையும் இஞ்சுரி டைமில் 1-2 என்று தோற்றார்கள் என்பதை எழுதும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது.

2016 நவம்பரில் ஜெர்மனி செர்ராவாலேயில் வந்து 8-0 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் தாமஸ் முல்லர், இதுபோன்ற ஆட்டங்களுக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் பேசினார். சான் மரினோ கால்பந்துச் சங்கத்தில் ஊடகத் தொடர்பைக் கவனித்துவந்த ஆலன் காஸ்பரோனி அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இந்த ஆட்டம் ஏன் நடக்க வேண்டும் என்பதற்குப் பத்துக் காரணங்கள். எங்களைப் போன்ற அணிக்கு எதிராகக்கூட உங்களால் கோல் போட முடியவில்லை என்று நினைவூட்டினார். எட்டு கோலில் ஒன்றுகூட முல்லருடையது இல்லை. கால்பந்து உங்களுடைய சொத்து மட்டும் இல்லை, அதை நேசிக்கிற எல்லோருக்கும் அது சொந்தம், அந்த எல்லோரில் நாங்களும் உண்டு என்ற பொருளிலும் எழுதியிருந்தார். முல்லர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன ஒரு தொழிலாளியின் பேச்சு அது, அந்தக் களைப்பும் நிஜம். ஆனால் அட்டவணையை நிரப்பி வைத்தது சான் மரினோ இல்லையே. பெரிய கிளப்புகளும் பெரிய போட்டிகளும் கூடிக்கொண்டே போவதற்கு வருடத்தில் சில முறை மட்டும் ஆடும் குட்டி நாடு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

முன்சுற்று வேண்டும் என்கிறவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பத்து கோல் வாங்கிக்கொண்டே இருந்தால் யாரும் வளர முடியாது. தனக்கு நிகரானவர்களுடன் மோத வாய்ப்பிருந்தால்தான் ஓர் அணிக்குத் தன் உயரம் தெரியும். அந்த வாய்ப்பு 2018இல் தொடங்கிய நேஷன்ஸ் லீக்கில் கிடைத்தது. கடைசிப் பிரிவான டி-யில் 2020இலும் 2024இலும் ஜிப்ரால்டரும் லிக்டன்ஸ்டைனும் எதிரே நின்றார்கள். ஜிப்ரால்டரின் மக்கள்தொகையும் ஏறக்குறைய இதே அளவு, லிக்டன்ஸ்டைனுடையது கொஞ்சம் அதிகம். 2018இல் வேறு அணிகளுடன் ஆடிய முதல் முயற்சியில் எல்லா ஆட்டமும் தோல்விதான். 2020இல் இரண்டு 0-0. 2023 கடைசியில் ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் டென்மார்க், கஜகஸ்தான், பின்லாந்து என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் கோல் போட்டார்கள், இதற்கு முன் நடக்காத ஒன்று.

2024 செப்டம்பர் 5, நேஷன்ஸ் லீக், செர்ராவாலே, எதிரே லிக்டன்ஸ்டைன். நம் ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரம். 53ஆவது நிமிடத்தில் லிக்டன்ஸ்டைன் கோல் பக்கம் ஒரு நீண்ட பந்து போனது. அதை யார் எடுப்பது என்று தடுப்பாட்டக்காரரும் கோல்கீப்பரும் தடுமாறிய இடைவெளியில் நிக்கோ சென்சோலி புகுந்து பந்தை வலைக்குள் தட்டினார். பத்தொன்பது வயதுப் பையன். 2004இல் ஆண்டி செல்வா அந்த ஃப்ரீகிக்கை அடித்தபோது இவர் பிறக்கவேயில்லை. 1-0 என்றே ஆட்டம் முடிந்தது. இருபது வருடம், 140 ஆட்டங்கள் வெற்றியில்லாமல் கழிந்தபின் வந்த வெற்றி. போட்டி ஆட்டத்தில் நாட்டின் முதல் வெற்றியும் அதுதான்.

அதைவிட எனக்கு முக்கியமானது நவம்பரில் நடந்தது. 15ஆம் தேதி ஜிப்ரால்டருடன் 1-1, அதுவும் இஞ்சுரி டைமில் நிகோலா நன்னி போட்ட பெனால்டியால். 18ஆம் தேதி லிக்டன்ஸ்டைனின் தலைநகர் வாதூஸில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் குழுவில் முதலிடம். முதல் பாதியில் லிக்டன்ஸ்டைன் முந்திக்கொண்டது. பழைய சான் மரினோவாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இடைவேளை முடிந்து வந்ததும் லோரென்சோ லட்சாரி சமன் செய்தார். நன்னி பெனால்டியில் இரண்டாவது கோல் போட்டார், அலெஸாண்ட்ரோ கோலினூச்சி மூன்றாவது. 3-1. வெளிநாட்டில் முதல் வெற்றி, ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டதும் முதல்முறை. நான்கு ஆட்டத்தில் ஏழு புள்ளி, குழுவில் முதலிடம், சி பிரிவுக்கு உயர்வு. பயிற்சியாளர் ராபர்டோ செவோலி வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்படியானால் இவர்களை அந்த டி பிரிவிலேயே விட்டுவிடலாமே, ஆஸ்திரியாவோடு எதற்கு என்று கேட்கலாம். வியன்னாவில் பத்து கோல் வாங்கிய அதே தகுதிச் சுற்றில், போஸ்னியாவின் மண்ணில் ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள், அதுவும் எடின் ஜெகோ போட்ட கோல். பெரிய அணிகளை அடைத்து நிறுத்தப் பழகியவர்கள்தான் வாதூஸில் பின்தங்கியபோது பதறாமல் நின்றார்கள். மைதானம் கட்டவும் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் சங்கத்துக்குப் பணம் வருவதும் பெரிய அணிகள் வருவதால்தான். குவால்தியேரியின் எட்டு விநாடி, முன்சுற்றில் நடந்திருக்கக்கூடியதே இல்லை. இரண்டும் வேண்டும்: ஜெயிக்க லிக்டன்ஸ்டைனும் வேண்டும், தோற்க ஜெர்மனியும் வேண்டும். போனினியின் காலத்தில் இரண்டுமே இல்லை.

அடுத்தது சி பிரிவு. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் இவர்களைவிடப் பல மடங்கு பெரிய நாடுகள், ஒரு புள்ளி எடுப்பதே பெரும்பாடு. மறுபடி டி-க்கு இறங்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனாலும் சென்சோலி இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கிறார், இன்னும் பத்து வருடமாவது ஆடுவார்.