தளை தட்டிய படி

வேளச்சேரிக்காரர்கள் மழையை அங்குலத்தில் அளப்பதில்லை, படியில் அளப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும், தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில் 'ஒரு படி ஏறிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி' என்பதாகவே இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் வாசற்படிக்கு அழகு பார்க்கத் துணிந்ததே பிழை என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு.

தாழ்வாரத்துக்கு ஏற இரண்டு கான்கிரீட் படிகள். சாம்பல் நிறம், உதிர்ந்த ஓரங்கள். அவற்றின்மேல் செங்கல் வில்லை பதிப்பதென்று சென்ற ஆண்டு முடிவு செய்தோம். செங்கல்மீது நமக்குள்ள மோகம் புதிதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட பழைய முருகன் கோயில் செங்கல்லால் ஆனது. 1892இல் திறக்கப்பட்ட நம் உயர் நீதிமன்றத்தின் சிவப்பும் செங்கல்தான். "அங்கெல்லாம் செங்கல் சுமக்கிறது, உங்கள் படியில் அது வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும், இது பொய் அல்லவா?" என்றார் நண்பர். பூச்சின்றிச் செங்கல் செங்கலாகவே தெரியும்படி கேரளத்தில் கட்டிக்காட்டிய லாரி பேக்கரைச் (1917–2007) சாட்சிக்கு அழைத்தார். எனக்கு உடன்பாடில்லை. சுவருக்குச் சுண்ணாம்பும் வாசலுக்குக் கோலமும் பொய்யென்றால் இதுவும் பொய். பிழை வேறிடத்தில் இருந்தது.

கொத்தனார் வேலை தெரிந்தவர். வழவழத்த கான்கிரீட்டை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினார். வில்லைகளை நீரில் ஊறவைத்தார். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு நிற்காது. மழைநீர் தேங்காதிருக்க முன்பக்கம் சிறிது சரிவு கொடுத்தார். ஒரு வாரம் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஒட்டிய வேலையில் குறையே இல்லை. நாங்கள் இருவரும் கணக்கைத்தான் மறந்தோம்.

பழைய படிகளில் ஒவ்வோர் ஏற்றமும் ஆறு அங்குலம். வில்லை முக்கால் அங்குலம், கலவை அரை அங்குலம். ஆக இரு படிகளும் ஒன்றேகால் அங்குலம் உயர்ந்தன. கீழே தரையும் மேலே தாழ்வாரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. விளைவு: முதல் ஏற்றம் ஏழேகால், நடுவில் ஆறு, கடைசியில் நாலேமுக்கால். இதைச் சொன்னபோது கொத்தனார் சிரித்தார்: "கீழ்ப்படி ஒசரமா இருந்தா என்ன சார், அடுத்த தபா ரோடு போட்டா சரியாயிடும்." வேளச்சேரியை அறிந்தவர் இதை வெறும் வேடிக்கை என்று தள்ளமாட்டார். பழைய தாரைச் சுரண்டிய பின்பே புதிய சாலை போடவேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்த வேண்டியிருந்ததே!

வேலை முடிந்த சில நாட்களில், விடியும் முன் பால் வாங்க இறங்கிய அம்மாவின் கால், கீழே தரை இருக்கவேண்டிய இடத்தில் தரையைக் காணாமல் தடுமாறியது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இருபது ஆண்டுகளாக இருட்டிலும் ஏறி இறங்கிய படி அது. "கண்ணு பாக்கலப்பா, காலு பழைய படியிலயே இருந்துச்சு" என்றார்.

நான் யாப்பு நடத்துகிறவன். தளை தட்டினால் வெண்பா கெடும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறவன். அடி, தளை என்ற சொற்களுக்கெல்லாம் காலோடு உறவுண்டு என்பதை என் வாசலில்தான் கற்றேன். சீர் பிறழ்ந்தால் காது கண்டுகொள்ளும், திருத்திக்கொள்ளலாம். படி பிறழ்ந்தால் முதலில் அறிவது எலும்பு.

படிக்கு முகப்பு வேண்டாம் என்பதன்று என் கட்சி. மிதிக்கும் பரப்பில் எதைப் பதித்தாலும் அதே கனத்துக்குத் தரையையும் தாழ்வாரத்தையும் உயர்த்த வேண்டும். முடியாதென்றால் நிற்கும் முகத்தில் மட்டும் பதித்து, மிதிக்கும் பரப்பை விட்டுவிட வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். மேலே பதித்த வில்லைகளைப் பெயர்த்தெடுக்க ஒரு பகல் போதுமாக இருந்தது. ஏற்றங்கள் மீண்டும் ஆறு அங்குலமாகிவிட்டன.

அம்மா இன்னும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்.