அதிகாலையில் எழ மறுக்கும் லாரி



மார்கழியும் தையும் வடநாட்டில் குளிர் மிகும் திங்கள்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் பழைய டீசல் லாரி ஒன்றையே நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே சில உண்டு. அவ்வண்டி விடியற்காலையில் கிளம்பாமல் அடம் பிடித்தால் அன்றைய வரும்படி போயிற்று. சரக்குக் கொட்டகையில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இது கண்கூடு. வேகனிலிருந்து இறக்கிய சரக்கைக் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிடில் ‘வார்ப்பேஜ்’ என்னும் கட்டணம் ஏறுகிறது. அடுத்த முறை வியாபாரி வேறு லாரியைத் தேடிக்கொள்கிறார்.

இதனினும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. காரணம் அறியாமலே பாட்டரியை மாற்றி, பின்னர் செல்ப் மோட்டாரை மாற்றி, முடிவில் எஞ்சினையே இறக்கிக் கடனாளியாவதே அது. ஆகவே, செலவில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் செய்க என்பதே இத்திங்கள் நாம் கூற விரும்புவது. ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் சொல்லக் கேட்டவற்றை நூல்களோடு ஒப்பிட்டு ஈண்டுத் தருகிறோம். இவை பழைய டாடா, லேலண்டு லாரிகளில் உள்ள இயந்திரப் பம்புக்கே பொருந்தும். 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி அமைந்த வண்டிகளில் டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவி ஆள்கிறது. அவற்றின் குழாய்களை நாமே தளர்த்துதல் கூடாது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது பெருஞ்சூடு அடைகிறது. அச்சூட்டில் நாசில் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆதலின் எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுற்றுதல், டீசல் வந்து சேருதல், காற்று கசியாமல் நெருக்கப்படுதல். நோயும் இம்மூன்றனுள் ஒன்றிலேதான் இருக்கும்.

முதலாவது, சுற்றுதல். முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு செல்ப் கொடுத்துப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரியையோ அதன் முனைகளையோ ஐயுறலாம். விளக்கு மங்காமலே செல்ப் அசையாதிருந்தால் சுவிட்சிலோ வயரிலோ குறை. இவ்வகை லாரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. இரண்டில் ஒன்று நலிந்தாலும் மற்றது பயன் தராது. செல்ப் கொடுத்தபின் தொட்டுப் பார்த்து எந்த முனை சுடுகிறதோ, அங்கே பிடிப்புத் தளர்ந்திருக்கிறது அல்லது பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. சட்டத்தோடு சேரும் எர்த் வயரையும் மறவாதீர். ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்காமல், இடையே ஓரிரு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, டீசல். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் கிளம்பாவிடில் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையெனில் டீசல் சேரவில்லை என்று பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சினை நிறுத்தும் கம்பி முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறதா என்பது. அது பாதியில் சிக்கி நின்றால் பம்பு டீசலை விடாது. சிறிது எண்ணெயிட்டால் தீரும் குறைக்கு எஞ்சினைப் பிரிப்பானேன்?

அடுத்தது ‘ஏர்’ பிடித்தல். டாங்கிக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் உறிஞ்சும் பகுதி. அங்கே துளை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே புகும். இரவு முழுதும் வண்டி நிற்கையில் குழாயிலுள்ள டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். சொட்டும் இடத்தையே தேடுவோருக்கு இக்குறை அகப்படாத காரணம் இதுவே.

இங்கேதான் மிக முக்கியமான சோதனை வருகிறது. காலையில் செல்பைத் தொடுமுன், பில்டர் மேலுள்ள ஏர் திருகைச் சிறிது தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும், அடித்தவாறே திருகை இறுக்குங்கள். பின்பு செல்ப் கொடுங்கள். வண்டி உடனே கிளம்பினால் எஞ்சினில் குறையில்லை. காற்றுப் புகும் வழி எங்கோ இருக்கிறது. செம்பு வாஷர், வெடித்த ரப்பர்க் குழாய், பில்டர் கிண்ணத்தின் வளையம், கைப்பம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினால் போதும். பில்டர் அடியில் தேங்கும் நீரையும் வடித்துவிடுங்கள்.

மூன்றாவது, நெருக்கம். கைப்பம்பு அடித்தும் பயனின்றி, நெடுநேரம் வெண்புகையும் டீசல் நாற்றமுமே வந்தால், டீசல் சேர்ந்தும் பற்றவில்லை என்று அறிக. குளிரோடு நாசில் ஒழுக்கு, வால்வு, ரிங் தேய்வு, பம்பின் நேரம் தவறுதல் ஆகியவை காரணமாகலாம். இவற்றுள் எது என்பதை மெக்கானிக்தான் கண்டறிய வேண்டும். நாசில்களைச் சோதித்து, நெருக்க அழுத்தத்தைக் கருவியால் அளந்து பார்த்த பின்னரே எஞ்சினை இறக்கச் சம்மதியுங்கள். அளவு கேட்பது உரிமையாளரின் உரிமை. நல்ல மெக்கானிக் எவரும் அதற்குச் சினவார்.

கையும் உயிரும் காக்கச் சில சொல்வோம். எண்ணெய்த் தொட்டியின் கீழ் கந்தலைக் கொளுத்தி எஞ்சினைச் சூடாக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வண்டியையே எரிக்கக்கூடும். பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று வாயில் காட்டுவதும் ஆகாது. பிஸ்டனும் ரிங்கும் உடையும். நாசில் தூவும் டீசலுக்கு விரலைக் காட்டாதீர். அது தோலைத் துளைத்து உட்புகும், அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கேடு செய்யும்.

கடைசியாக எழுத்தர் புத்தியில் தோன்றும் ஒரு யோசனை. வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு காலையும் எத்தனை விநாடி செல்ப் அடித்தது, புகை என்ன நிறம், கைப்பம்பு அடித்ததா இல்லையா என்று ஓட்டுநரைக் குறிக்கச் சொல்லுங்கள். பத்து நாள் குறிப்பை மெக்கானிக்கிடம் காட்டினால், ஊகத்தின்பேரில் செய்யும் செலவு பெரிதும் குறையும்.